படகும் முதலும்

நுழையும்முன்

ஒரே பொருளை ஈட்டி ஒரே சந்தையில் விற்கும் பலர், ஒரே காலத்தில் ஒரே கருவியைப் பயன்படுத்துவதில்லை. புதிய கருவி வந்த பின்னும் பழையது பல்லாண்டுகள் நீடிக்கிறது. சில வேளைகளில் ஓரிரு ஆண்டுகளுக்குள் மறைந்தும் விடுகிறது. இதற்கான காரணங்களைக் காரைக்கால் கடற்கரையின் மீன்பிடித் தொழிலைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

மேட்டில் அமைந்த ஊர்

காவிரிப் படுகை கடலைத் தொடும் இடத்தில் நிலம் மிகவும் தாழ்ந்து கிடக்கிறது. நெல்வயல்களுக்கும் அலைகளுக்கும் இடையே காற்றும் கடலும் குவித்த மணல்மேடுகளே மீனவர்க்குக் குடியிருக்க இடம் தந்தன. காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, கோட்டுச்சேரிமேடு என்று அடுத்தடுத்து வரும் ஊர்ப்பெயர்களில் உள்ள 'மேடு' என்னும் சொல் அதனை இன்றும் நினைவூட்டுகிறது. உள்ளே இருக்கும் கோட்டுச்சேரி வயல் சூழ்ந்த ஊர். கோட்டுச்சேரிமேடு அதன் கடல்முகம். 1954ஆம் ஆண்டு வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல். தரையில் எல்லைக்கல் உண்டு, கடலில் இல்லை. இச்செய்தி பின்னர் நமக்குத் தேவைப்படும்.

நிறுவனம் என்றவுடன் புகைபோக்கியும் சங்கொலியும் உடைய தொழிற்சாலையே நம் நினைவுக்கு வருகிறது. பொருளியல் நோக்கில் அது வேண்டுவதில்லை. முதல் போட்டு, உழைப்பைச் சேர்த்து, செலவையும் வரவையும் எண்ணிப் பொருளை விற்கும் எந்த அமைப்பும் நிறுவனமே. அவ்வகையில் கரையில் நிற்கும் ஒவ்வொரு படகும் ஒரு நிறுவனம். அதற்கு உடைமையாளர் இருக்கிறார், தொழிலாளர் இருக்கின்றனர், கடன் இருக்கிறது, எரிபொருள், பனிக்கட்டி, வலை ஆகிய செலவினங்கள் இருக்கின்றன, ஏலக்களத்தில் அதனோடு போட்டியிடும் பிற படகுகளும் இருக்கின்றன. கிடைத்ததைப் பங்கு பிரித்துக்கொள்ளும் முறையும் இத்தொழிலுக்கே உரியது. எரிபொருள் போன்ற பொதுச்செலவுகளை முதலில் கழித்துவிட்டு, எஞ்சியதையே படகுக்கும் வலைக்கும் ஆட்களுக்கும் பங்கிடுவர். ஆகவே எந்தப் படகில் எந்தப் பொறியைப் பொருத்துவது என்னும் முடிவு உடைமையாளரை மட்டும் பாதிப்பதன்று. அப்படகில் ஏறும் ஒவ்வொருவரின் கூலியையும் அது தீர்மானிக்கிறது.

கட்டுமரம் முதல் விசைப்படகு வரை

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகங்கள் அரியவை. கரையை ஒட்டி ஓயாது உடையும் அலைகளைக் கடந்துதான் கடலுக்குள் செல்லவேண்டும். அவ்வலைகளின் மீதேறித்தான் திரும்பவேண்டும். அடிப்பகுதி ஆழமான படகு இங்கே கவிழும். அல்லது மணலில் மோதி உடையும். இலேசான மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த கட்டுமரமோ அலை புகுந்தாலும் மூழ்குவதில்லை. புகுந்த நீர் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கரை சேர்ந்ததும் கட்டவிழ்த்துக் கட்டைகளை உலர்த்துவர். நீர் ஊறினால் மரம் கனத்துப்போகும். துறைமுகம் வேண்டா, பொறி வேண்டா, எரிபொருள் வேண்டா. இத்தகைய கருவியைப் 'பழமையானது' என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது பொருந்தாது. அது இக்கடலுக்கென்றே செதுக்கப்பட்ட தொழில்நுட்பம். அதன் பெயரையே ஆங்கிலமும் பிரெஞ்சும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டன.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலில் வந்தது நைலான் வலை. பருத்தி நூல் வலையை மரப்பட்டைச் சாற்றில் தோய்க்கவேண்டும், நாள்தோறும் உலர்த்தவேண்டும், அப்போதும் அது விரைவில் இற்றுப்போகும். நைலான் வலைக்கு இத்தொல்லை இல்லை. 1950களின் பிற்பகுதி தொடங்கி அது விரைந்து பரவியது.

அதே காலத்தில்தான் இயந்திரப் படகும் வந்தது. 1952இல் கையெழுத்தான இந்திய நார்வே ஒப்பந்தத்தின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதிகளில் மீன்பிடி வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. உறைய வைத்த இறாலுக்கு அயல்நாட்டில் நல்ல விலை கிடைப்பது தெரிந்ததும், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடிப் படகுகள் மேற்குக் கரையிலும் பின்னர்க் கிழக்குக் கரையிலும் பெருகின. இத்தகைய விசைப்படகுக்குத் துறை வேண்டும். காரைக்காலில் அரசலாற்று முகத்துவாரம் அதற்கு இடம் தந்தது. முகத்துவாரம் இல்லாத மணற்கரை ஊர்களில் கட்டுமரமே தொடர்ந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைகளைக் கடந்து மணலிலேயே கரையேறக்கூடிய சிறுபடகுகளை ஆராய்ந்தது. கண்ணாடி இழையும் பிசினும் கொண்டு வார்க்கப்படும் படகு, மக்கள் வழக்கில் 'பைபர் படகு', 1980களிலும் 1990களிலும் இக்கரையில் இடம்பிடிக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 10 குதிரைத்திறன் கொண்ட சிறு பொறியுடன் அது கட்டுமரம் எட்டாத தொலைவுக்குச் சென்றது. கூடுதல் வலையையும் மீனையும் சுமந்தது.

இங்கு ஒரு வினா எழுகிறது. நைலான் வலை விரைந்து பரவியது. பைபர் படகோ, அதன் மேன்மையை எல்லாரும் கண்ணாரக் கண்ட பின்னும், மெல்லவே பரவியது. 2004இன் இறுதிவரை இக்கரையில் கட்டுமரங்கள் ஏராளமாக இருந்தன. மீனவர் பழைமைப் பற்று உடையவர், மாற்றத்துக்கு அஞ்சுவார் என்று சிலர் விடை கூறுவர். அது எளிய விடை, தவறான விடையும்கூட. பழைமைப் பற்றே காரணமானால் அவர்கள் நைலானையும் அல்லவா மறுத்திருக்க வேண்டும்?

போன செலவு கணக்கில் வராது

ஆஸ்திரேலியப் பொருளியலறிஞர் சால்டர் 1960இல் வெளியிட்ட 'உற்பத்தித்திறனும் தொழில்நுட்ப மாற்றமும்' என்னும் நூலில் இவ்வினாவுக்குத் தெளிவான விடை தந்தார். தொழிலில் உள்ள பழைய கருவிக்கும் வாங்கவேண்டிய புதிய கருவிக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதே அவர் கருத்தின் சாரம். பழைய கருவிக்குக் கொடுத்த விலை திரும்பி வரப்போவதில்லை. ஆதலால் அதனை இயக்கும் அன்றாடச் செலவுக்கு மேல் வரவு இருக்கும்வரை அதைப் பயன்படுத்துவதே அறிவுடைமை. புதிய கருவியோ அன்றாடச் செலவோடு, தன் விலையையும் அவ்விலைக்கான வட்டியையும் ஈட்டித் தரவேண்டும். செலவாகிவிட்ட, மீட்க இயலாத முதலை 'மூழ்கிய செலவு' என்பர்.

திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் ஒரு செயலில் இறங்குமுன் அழிவது, ஆவது, அதனால் பின்வரும் ஊதியம் ஆகியவற்றை எண்ணிப் பார்க்கச் சொல்கிறது. அங்கே சொல்லப்படுவது 'அழிவது' என்பதைக் கவனிக்க; முன்னரே அழிந்ததைப் பற்றிப் பேச்சில்லை.

ஒரு கற்பனைக் கணக்கின் வழியே இதனைப் பார்ப்போம். தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. பங்கீட்டையும் எளிமை கருதிச் சமமாகவே கொள்வோம்.

கட்டுமரம் ஒன்றில் இருவர் செல்கின்றனர். ஒரு நாள் மீன் ரூ. 600க்கு விற்கிறது, கயிறு, வலைப்பழுது முதலிய செலவு ரூ. 100. எஞ்சும் ரூ. 500இல் ஆளுக்கு ரூ. 250. பைபர் படகில் நால்வர் செல்கின்றனர். மீன் ரூ. 2,500க்கு விற்கிறது, எரிபொருளும் பனிக்கட்டியும் சேர்ந்து ரூ. 1,000. எஞ்சுவது ரூ. 1,500. படகு, பொறி, வலை மூன்றுக்கும் விலை ரூ. 3,00,000 எனவும், ஆண்டுக்கு 200 நாளாக ஐந்தாண்டுகள் உழைக்கும் எனவும் கொண்டால், நாளொன்றுக்குத் தேய்மானம் ரூ. 300. ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் வங்கிக்கடன் கிடைத்தால், முதலாண்டில் நாளொன்றுக்கு வட்டி ரூ. 180. இரண்டையும் கழித்தால் ரூ. 1,020, ஆளுக்கு ரூ. 255.

ஆக, கட்டுமரம் வைத்திருப்பவருக்கு வேறுபாடு ரூ. 5 மட்டுமே. அதற்காகக் கடன் சுமப்பாரா? சுமக்கமாட்டார். ஆனால் அவருடைய மகன் தனியே தொழில் தொடங்க எண்ணுகிறான் என்று கொள்வோம். அவனிடம் எதுவும் இல்லை. கட்டுமரமும் வலையும் வாங்குவதென்றாலும் ரூ. 30,000 வேண்டும். அதே முறையில் தேய்மானம் ரூ. 30, வட்டி ரூ. 18 கழிந்தால் ஆளுக்கு ரூ. 226தான் கிடைக்கும். அவனுக்குப் பைபர் படகே தெளிவான தேர்வு. தந்தை கட்டுமரத்திலும் மகன் பைபர் படகிலும் கடலுக்குப் போவது தலைமுறை இடைவெளியால் மட்டும் நேர்வதன்று. இருவர் கணக்கும் சரியே. இருவரும் நிற்கும் இடம் வேறு.

இனி வட்டியை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கடற்கரையில் பலருக்கு வங்கிக்கடன் எளிதில் வாய்ப்பதில்லை. மீனைத் தம்மிடமே விற்கவேண்டும் என்னும் ஒப்பந்தத்தின்மேல் ஏலக்காரரோ வணிகரோ தரும் முன்பணமே முதலாகிறது. அதன் உண்மையான சுமையை 24 விழுக்காடு என்று கொண்டால், முதலாண்டில் நாள் வட்டி ரூ. 360 ஆகிவிடும், ஆளுக்குக் கிடைப்பது ரூ. 210. ஒரே கடல், ஒரே கைத்திறன், ஒரே சந்தை. எனினும் வங்கிக்கடன் பெறுபவர்க்கு ஏற்ற தொழில்நுட்பம் மற்றவருக்கு ஏற்றதாக இல்லை. புதுமையை ஏற்காத ஊர் என்று பெயர்பெற்ற பல ஊர்களின் உண்மையான குறை கடன் கிடைக்காமையே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நைலான் வலைக்கான விடையும் இக்கணக்கிலேயே அடங்கியுள்ளது. பருத்தி வலை விரைவில் இற்றுப்போவதால் எப்படியும் புது வலை வாங்கவேண்டும். அவ்வாறு வாங்கும் நாளில் எல்லாரும் மேலே கண்ட மகனின் நிலையில்தான் இருக்கின்றனர். அடிக்கடி மாற்றவேண்டிய கருவியில் புதுமை விரைந்து நுழையும். நெடுநாள் உழைக்கும் கருவியில் மெல்ல நுழையும்.

உலகக் கடல்களில் இதற்குப் பெருஞ்சான்று பாய்மரக் கப்பல். 1838இல் நீராவிக் கப்பல்கள் அட்லாண்டிக்கைக் கடந்தன. ஆயினும் பாய்மரக் கப்பல் உடனே மறையவில்லை. நெடும்பயணத்தில் நீராவிக் கப்பல் தன் கொள்ளளவில் பெரும்பகுதியை நிலக்கரிக்கே ஒதுக்கவேண்டியிருந்தது. எனவே குறுகிய வழிகளில் நீராவியும், ஆஸ்திரேலியக் கோதுமையும் சிலி நாட்டு வெடியுப்பும் வந்த நெடுவழிகளில் பாயும் தொடர்ந்தன. 1869இல் சூயசு கால்வாய் திறந்து ஆசியப் பயணத்தைச் சுருக்கியபோது கணக்கு நீராவியின் பக்கம் சாய்ந்தது. எனினும் சில வழிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பாய்மரங்கள் சரக்கேற்றி வந்தன.

தாழ்த்தி வாங்குவதிலும் ஓர் ஆதாயம் உண்டு. அடுத்த ஆண்டு இதைவிடச் சிக்கனமான பொறி வரும் என்று எதிர்பார்க்கும் ஒருவர், இவ்வாண்டு வாங்குவதைத் தள்ளிப்போடுவார். முதலில் வாங்கியவரின் பட்டறிவு அவருக்குச் செலவின்றிக் கிடைக்கிறது. எந்தப் பொறி உப்புநீரில் தாங்கும், எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்பதெல்லாம் பிறர் கைப்பொருளில் கற்ற பாடங்கள். எல்லாரும் இவ்வாறே காத்திருந்தால் புதுமை வரவே வராது. எனவேதான் முதலில் துணிபவருக்கு அரசு மானியம் தருகிறது.

ஒரு காலைப்பொழுதில் மாறிய கணக்கு

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. காரைக்கால் மீனவ ஊர்களில் உயிர்களும் வீடுகளும் அழிந்தன. கட்டுமரங்கள், படகுகள், பொறிகள், வலைகள் சிதறின. அத்துயரின் பெருமையைப் பொருளியல் அளவிட இயலாது. ஆயினும் அதற்குப் பின் நிகழ்ந்த தொழில்நுட்ப மாற்றத்தைப் பொருளியலால் விளக்க இயலும்.

அலை பழைய முதலை ஒரே நாளில் அழித்தது. முன்னர்க் கட்டுமரம் வைத்திருந்தவர் எல்லாரும், நம் கணக்கில் வந்த மகனைப் போல, எதுவும் இல்லாதவராக நின்றனர். அரசும் தொண்டு நிறுவனங்களும் அவர்களுக்குப் படகு வழங்க முன்வந்தன. கட்டுமரத்துக்கு ஏற்ற கட்டைகளைத் தேடிக் கொணர்ந்து செதுக்கக் காலம் ஆகும். பைபர் படகையோ அச்சில் வார்த்து விரைவில் பெருக்கலாம். பெரும்பாலும் பைபர் படகே வழங்கப்பட்டது. பெறுபவர் விலை கொடுக்க வேண்டியதில்லை. நம் கணக்கில் தேய்மானமும் வட்டியும் நீங்கினால் ஆளுக்கு ரூ. 375. ரூ. 250க்கும் ரூ. 375க்கும் இடையே தயங்குவோர் யார்? பத்திருபது ஆண்டுகளாக மெல்ல நகர்ந்த மாற்றம் ஓரிரு ஆண்டுகளில் முடிந்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல ஊர்களில், பேரலைக்கு முன் இருந்ததைவிடப் படகுகளின் எண்ணிக்கை கூடிவிட்டது என்று பின்னர் நடந்த ஆய்வுகள் சுட்டின. முன்பு பிறர் படகில் பங்காளாகச் சென்றவரும் படகு உடைமையாளர் ஆனார். அது நல்ல செய்தியே. ஆனால் கடலில் மீன் கூடவில்லை.

ஒரு தொழில்நுட்பம் பரவிய பின் அதனைச் சுற்றித் துணைத்தொழில்கள் வளர்கின்றன. பொறி பழுதுபார்ப்பவர், உதிரிப்பாகக் கடை, பிசின் பூசி ஓட்டை அடைப்பவர், பனிக்கட்டி நிலையம் எல்லாம் பைபர் படகை ஒட்டியே அமைந்தன. மறுபுறம் கட்டுமரம் செதுக்கத் தெரிந்த கைகள் வேறு வேலைக்குப் போயின. பாயின் போக்கறிந்து காற்றைப் பயன்படுத்தும் பயிற்சி இளையோர்க்குக் கிடைக்கவில்லை. எவ்வளவு பேர் பயன்படுத்துகின்றனரோ அவ்வளவுக்கு ஒரு தொழில்நுட்பம் மேலும் ஆதாயமாகிறது என்பதையும், அதனால் சமூகம் ஒன்றிலேயே பூட்டப்பட்டுவிடலாம் என்பதையும் பொருளியலறிஞர் பிரையன் ஆர்தர் 1989இல் விளக்கினார். எரிபொருள் விலை எவ்வளவு ஏறினாலும், இன்று கோட்டுச்சேரிமேட்டில் ஒருவர் தனியே கட்டுமரத்துக்குத் திரும்புவது எளிதன்று. கட்டையும் கிடைக்காது, கட்டுபவரும் கிடைக்கமாட்டார்.

எல்லாரும் வாங்கிய பின்

இதுவரை ஒருவரின் தேர்வு மற்றவரின் வரவைப் பாதிக்காது என்று கொண்டே கணக்கிட்டோம். நெல் அரைக்கும் ஆலைகளுக்கு அது ஓரளவு பொருந்தும். ஓர் ஆலை உருளை மாற்றினால் அடுத்த ஆலைக்கு வரும் நெல்மணி உடனே குறைந்துவிடாது. கடல் அவ்வாறன்று. அங்கே ஒருவர் பிடித்த மீன் மற்றவருக்கு இல்லை.

அனைவரும் பைபர் படகுக்கு மாறிவிட்டனர் எனவும், அதனால் ஒரு படகின் நாள் வரவு ரூ. 2,500இலிருந்து ரூ. 2,000 ஆகக் குறைந்தது எனவும் கொள்வோம். எரிபொருளும் பனிக்கட்டியும் போக ரூ. 1,000, கடனில் வாங்கிய படகானால் தேய்மானமும் வங்கி வட்டியும் கழித்து ரூ. 520, ஆளுக்கு ரூ. 130. எல்லாரும் கட்டுமரத்தில் சென்ற காலத்தில் கிடைத்த ரூ. 250இல் ஏறத்தாழப் பாதி.

அப்படியானால் படகை நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தமாட்டார்கள். படகு வாங்கியாயிற்று, அதன் விலை மூழ்கிய செலவு. கடலுக்குப் போனாலும் போகாவிட்டாலும் கடன் இருக்கிறது. ஆகவே காலையில் எழுந்து அவர் பார்ப்பது அன்றைய எரிபொருளுக்கு மேல் ரூ. 1,000 வருமா என்பதை மட்டுமே. வரும் என்றால் போவார். கட்டுமரத்துக்குத் திரும்பினாலோ குறைந்த மீனில் அதற்கும் குறைந்த பங்கே கிடைக்கும். முன்பு பழைய கருவியைக் காத்து நின்ற அதே விதி, இப்போது மிகையாகிப்போன புதிய கருவிகளைக் கடலில் நிறுத்துகிறது. ஒவ்வொருவரும் சரியாகக் கணக்கிட்டு, அனைவரும் இழக்கும் நிலை இது.

இந்நிலையில் தனியொருவருக்குத் தென்படும் வழி, மற்றவரைவிடப் பெரிய கருவியை வாங்குவதே. சுருக்குமடி வலையின் வரலாறு அத்தகையது. மீன்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அடிக்கயிற்றை இழுத்துப் பணப்பையின் வாயைச் சுருக்குவதுபோல் வலையை மூடிவிடும் முறை இது. கூட்டமாகத் திரியும் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களுக்கு ஏற்றது. ஒரு வலைத்தொகுதிக்குப் பல இலட்சம் ரூபாய் முதலும் முப்பது நாற்பது ஆட்களும் வேண்டும். தனி மீனவரால் இயலாது. எனவே பலர் பங்கு சேர்ந்து வாங்கினர். நகையை அடகு வைத்தும் பங்கு போட்டனர். இக்கருவி ஒரே வீச்சில் பெருங்கூட்டத்தை வாரிவிடுவதால், செவுள்வலையோடு கடலுக்குச் செல்லும் சிறுபடகுகளுக்கு மிஞ்சுவது சொற்பம் என்பது எதிர்ப்பாளர் வாதம். அடுத்த ஊர் வைத்திருக்கும்போது நாங்கள் மட்டும் கைகட்டி நிற்பதா என்பது பங்கு போட்டவர் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு என்பதே சிக்கல்.

இவ்விடத்தில் தனி நிறுவனத்தின் தேர்வு முடிந்து, பொதுவான விதியின் தேவை தொடங்குகிறது. சோழமண்டலக் கரையின் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகள் நெடுங்காலமாகவே இதனை அறிந்திருந்தன. தம் ஊர்க் கடலில் இன்ன வலை கூடாது, இன்ன நேரத்தில் போகக்கூடாது என்று அவை விதித்த தடைகள் உண்டு. மீறினால் தண்டமும் உண்டு. கட்டுமரம் எட்டும் தொலைவே தொழிலின் எல்லையாக இருந்தவரை அவ்விதிகள் போதுமானவையாக இருந்தன. ஒரே நாளில் பல ஊர்களின் கடலைக் கடந்து செல்லும் பொறிப்படகுக்கு ஓர் ஊரின் விதி போதாது.

அரசின் சட்டங்கள் பின்னர் வந்தன. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து மூன்று கடல்மைல் வரையுள்ள நீர் சிறுதொழில் மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. விசைப்படகுகள் அதற்கப்பால் செல்லவேண்டும். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளின் தொழில் நிறுத்தப்படுகிறது. சுருக்குமடி வலைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2023 ஜனவரியில் அந்நீதிமன்றம், 12 கடல்மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்களில், காலை 8 மணி முதல் மாலை 6 மணிவரை மட்டும், பல நிபந்தனைகளுடன் அவ்வலையைப் பயன்படுத்த இடைக்கால அனுமதி தந்தது. காரைக்கால் வேறொரு நிருவாகத்தின் கீழ் இருப்பதும், ஆனால் அதன் படகுகளும் நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பகுதிப் படகுகளும் ஒரே மீன்கூட்டத்தைத் தேடிச் செல்வதும் நினைவில் கொள்ளத்தக்கவை. ஒரு பக்கம் மட்டும் கட்டுப்பட்டால், விட்டுக்கொடுத்த மீன் மறுபக்கத்தின் வலையில் விழும்.

விதி எப்போது வருகிறது என்பதும் அதே அளவு இன்றியமையாதது. கருவி வாங்கப்படுவதற்கு முன் தடை வந்தால், இழப்பவர் எவருமில்லை. வேறு கருவியை எண்ணுவர். பல இலட்சத்தைப் பங்கு போட்ட பின் வரும் தடை, அவ்வளவு குடும்பங்களின் முதலையும் ஒரே நாளில் மூழ்கச் செய்கிறது. அதனால்தான் எதிர்ப்பு அவ்வளவு கடுமையாக எழுகிறது. காலம் தாழ்ந்து வரும் தடையோடு, கருவியை ஒப்படைப்பவர்க்கு இழப்பீடும் சேர்ந்து வரவேண்டும் என்பதற்கு இதுவே பொருளியல் நியாயம்.

பேரலைக்குப் பின் வழங்கப்பட்ட படகுகளுக்கு இப்போது ஏறத்தாழ இருபது வயது. பல கழிக்கப்பட்டுவிட்டன, சில, விரிசல்களில் மீண்டும் மீண்டும் பிசின் பூசப்பட்டு, பொறி இருமுறை மும்முறை மாற்றப்பட்டு ஓடுகின்றன. கட்டுமரம் பயனற்றுப்போனால் அதன் கட்டைகள் அடுப்புக்கேனும் ஆயின. கண்ணாடி இழை மட்குவதுமில்லை, எரிக்கத் தக்கதுமில்லை. எரிபொருள் செலவைக் குறைக்கும் பொறிகளைப் பற்றியும், மின்கலத்தால் இயங்கும் படகுகளைப் பற்றியும் கரையில் பேச்சு எழுகிறது. விலையைக் கேட்கிறார்கள், வட்டியைக் கேட்கிறார்கள், மானியம் உண்டா என்று கேட்கிறார்கள். பக்கத்து ஊரில் யாரேனும் வாங்கியிருக்கிறார்களா என்றும் தவறாமல் கேட்கிறார்கள். அதற்கு விடை தெரியும்வரை, பிசின் பூசிய பழைய படகே விடியுமுன் அலையைக் கடந்து செல்கிறது.